ஞான வாசகம்



தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் நெடுங்காலமாக வழங்கி வரும் சொல் ஒன்று உண்டு: ஞான வாசகம். செபத்திலும் புண்ணியத்திலும் வளர்வதற்காக நாள்தோறும் சிறிது நேரம் ஒரு நல்ல நூலைப் படிப்பதற்கு அப்பெயர். புண்ணியம் என்னும் சொல்லை இங்கே மறுமைக்குச் சேர்க்கும் பலன் என்று கொள்ளுதல் வேண்டா. பொறுமை, தாழ்ச்சி, ஈகை முதலிய நற்குணங்கள் ஒருவரிடம் ஊறிப் பழக்கமாகிவிடுவதையே கத்தோலிக்கர் புண்ணியம் என்பர். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் வேறு சமயத்தவர் என்பதை நான் அறிவேன். நான் சொல்லப்போவது கத்தோலிக்கரின் வழக்கம். ஆனால் படிப்பு மனிதனை எவ்வாறு மாற்றுகிறது என்னும் வினா எல்லார்க்கும் உரியது.

நீங்கள் நிறையப் படிக்கிறீர்கள். தேர்வுக்குப் படிக்கிறீர்கள், பொழுது போக்கப் படிக்கிறீர்கள், கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறீர்கள். தேர்வுக்குப் படித்தது விடைத்தாளோடு போய்விடுகிறது. பொழுதுபோக்காகப் படித்தது பொழுதோடு போய்விடுகிறது. இவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இவ்விரண்டிலும் சேராத வேறொரு படிப்பு உண்டு. நாம் நூலைப் படிக்க, அந்நூல் நம்மைப் படிக்கும். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

உத்தரமேரூரை அடுத்துத் திருமுக்கூடல் என்றோர் ஊர் இருக்கிறது. பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து கூடுமிடம் ஆதலால் அப்பெயர் பெற்றது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டொன்றைக் காணலாம். வேதமும் இலக்கணமும் ஓதும் பள்ளி, மாணவர் தங்கும் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கு ஏற்பட்ட செலவுகளை அது விவரிக்கின்றது. மருத்துவர், சல்லியக்கிரியை செய்வார், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் குறிக்கப்பட்டிருக்கின்றது. மருந்துகளும் பெயர் பெயராகச் சொல்லப்பட்டுள்ளன. அளவும் கூடவே உண்டு.

இது வைணவக் கோயில். அங்குப் பயின்றது வேத பாடம். நம் பொருளுக்கும் அதற்கும் நேரான தொடர்பு இல்லை. எனினும் ஓதும் சாலையும் மருந்துச் சாலையும் ஒரே சுவரில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது எனக்கு ஞான வாசகமே நினைவுக்கு வருகிறது. விருந்தை வயிறு நிறைய உண்ணலாம். மருந்தையோ அளவோடு, நாள் தவறாமல், இன்ன நோய்க்கு இன்னது என்று அறிந்து உண்ண வேண்டும். ஞான வாசகம் மருந்தின் இனத்தைச் சேர்ந்தது. ஒரே இரவில் 100 பக்கம் படித்தேன் என்பது நாவலுக்குப் புகழாகலாம். இங்கே அது பிழை.

இவ்வகைப் படிப்பின் ஆற்றலுக்குச் சான்றாக இஞ்ஞாசியாரின் வரலாற்றைச் சொல்வேன். 1521-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்பெயின் நாட்டுப் பம்பலோனாக் கோட்டையைக் காத்து நின்ற அவ்வீரரின் காலைப் பீரங்கிக் குண்டு தாக்கியது. லொயோலாவில் இருந்த தம் குடும்ப மாளிகையில் பல மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பொழுது போகவில்லை. வீரர்களும் அரசகுமாரிகளும் நிறைந்த கதைப் புத்தகம் ஏதேனும் தருமாறு கேட்டார். அந்த வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் இல்லை. இருந்தவை இரண்டே: சாக்சனி லுதோல்ப் என்னும் துறவி எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறு, மற்றது புனிதர் சரிதைகளின் தொகுதி. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார்.

படித்தபின் நிகழ்ந்ததே நாம் கருத வேண்டியது. சில வேளை அவர் பழைய வீரக் கனவுகளில் மூழ்குவார். சில வேளை அந்தப் புனிதர்களைப் போல் நாமும் வாழ்ந்தால் என்ன என்று எண்ணுவார். நினைத்துக்கொண்டிருக்கும்வரை இரண்டும் இனித்தன. ஆனால் கனவு கலைந்தபின் முதலாவது அவர் உள்ளத்தை வறண்டு போகச் செய்தது. இரண்டாவது மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. இவ்வேறுபாட்டை அவர் உற்றுக் கவனித்தார். பிற்காலத்தில் சேசு சபையை நிறுவிய அவர், உள்ளத்தின் அசைவுகளைப் பகுத்துணரும் முறையை உலகுக்குக் கற்பித்தமைக்கு அந்த நோய்ப் படுக்கையே தொடக்கம். ஒரு நூலின் தரத்தை அறியவும் இதைக் காட்டிலும் எளிய வழியை நான் காணவில்லை. நூல் கையிலிருக்கும்போது அது இனிக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. அதை மூடி வைத்த அரைமணி நேரத்திற்குப் பின் உங்கள் மனம் எந்நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். இஞ்ஞாசியாரின் சபையைச் சேர்ந்த ஹென்றிக்கே ஹென்றிக்ஸ் அடிகளார் 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1600-இல் இறக்கும் வரை அக்கடற்கரை மக்களிடையே உழைத்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் என்று அதனைப் போற்றுகிறோம். அது 16 பக்கமே உள்ள செபச் சிறுநூல். அதற்கு 8 ஆண்டுகள் கழித்து, 1586-இல், அவர் அச்சிட்டதோ 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். புனிதர்களின் வரலாறுகள் அடங்கிய அதனை 'அடியார் வரலாறு' என்கிறோம். வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு ச. இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் அதனை மீண்டும் பதிப்பித்தார்.

முதல் அச்சு நூல் என்னும் பெருமையைப் பேசும் நம்மவர், அந்த இரண்டாவது பெருநூலின் பொருளை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. லொயோலாவில் நோயாளியாய்க் கிடந்த போர்வீரரின் கைக்கு எத்தகைய நூல் கிடைத்ததோ, அத்தகைய நூலே தமிழ் உருப்பெற்று முத்துக் குளிக்கும் பரதவரின் கைக்கும் வந்தது. அவர்களில் எழுத்தறிந்தவர் சிலரே ஆதலால், ஒருவர் படிக்க ஊரார் கூடிக் கேட்டிருத்தல் வேண்டும். கேட்டலும் ஞான வாசகமே. துறவி மடங்களில் உணவு வேளையில் ஒருவர் படிக்க ஏனையோர் கேட்கும் வழக்கம் மிகப் பழமையானது. வானொலியின் முன் அமர்ந்திருக்கும் உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை!

இலங்கையில் இவ்வழக்கம் ஓர் இக்கட்டுக்குத் துணையாயிற்று. 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்து குருக்களை வெளியேற்றினர். 1687-இல் கோவாவிலிருந்து மறைவாக வந்து சேர்ந்த யோசேவாஸ் அடிகளார், சிதறியிருந்த மக்களைத் தேடித் தேடிச் சந்தித்தார். அவரை 2015-இல் திருச்சபை புனிதர் வரிசையில் சேர்த்தது. அவருக்குத் துணையாக 1705-இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதிக் குவித்தார். குரு அரிதாகவே வரக்கூடிய ஊர்களில் மூப்பர் ஒருவர் நூலைப் படிப்பார்; மக்கள் சூழ்ந்திருந்து கேட்டுச் செபிப்பர். அவர் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தவக்காலத்து வாசகமாக நிலைத்தது. கையில் நூல் இல்லாதிருந்தால் அவ்வூர்களில் பலவற்றில் செபமும் நின்றே போயிருக்கும் என்பது என் கருத்து.

கேட்ட கதை ஒன்று குணமாக மாறிய வரலாறு நம் தென்கோடியிலும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்டபிள்ளை பொருளிழப்பால் மனமுடைந்திருந்த காலத்தில், 1741-ஆம் ஆண்டுக் குளச்சற் போரில் சிறைப்பட்டுப் பின் அவ்வரசின் படைத்தலைவரான டிலனாய், விவிலியத்து யோபுவின் கதையை அவருக்கு எடுத்துரைத்தார். உடைமையும் மக்களும் உடல்நலமும் இழந்தும் இறைவனைக் கைவிடாத மனிதனின் கதை அது. நீலகண்டபிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர்ச் சிறையும் அடியும் நாடு கடத்தலும் தாங்கி, 1752-இல் உயிர் துறந்தார். 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். யோபுவின் கதையைக் கேட்டவர் ஆயிரமாயிரம் பேர். அவரோ அதனைச் சேமித்து வைத்திருந்து, வேண்டிய காலத்தில் எடுத்துப் பயன்படுத்தினார்.

படிப்பு செபமாவது எப்படி? 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்னும் கார்த்தூசியத் துறவி இதனை ஓர் ஏணியாகக் கண்டார். வாசிப்பு முதற்படி, தியானம் அடுத்தது, செபம் மூன்றாவது. நான்காவதாகிய இறைக்காட்சி நாம் முயன்று ஏறும் படியன்று. இறைவனே ஏற்றி வைப்பது. முதல் மூன்றையும் எண்ணும்போது திருமுக்கூடலின் மூன்று ஆறுகளே என் கண்முன் நிற்கும். கூடிய பின்பு எது செய்யாற்று நீர், எது வேகவதி நீர் என்று பிரித்துக் காண இயலுமோ? படித்துக்கொண்டிருக்கும்போதே எந்த நொடியில் செபிக்கத் தொடங்கினோம் என்பதும் அத்தன்மையதே.

ஓர் எடுத்துக்காட்டு. லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியர் உவமை வருகிறது. கள்வரால் அடியுண்டு வழியில் கிடப்பவனைக் குரு ஒருவர் கண்டும் விலகிச் செல்கிறார். அந்த இடத்தில் உங்கள் மனம் தட்டுப்பட்டு நிற்குமானால், அங்கேயே நில்லுங்கள். அடுத்த வரிக்கு விரையாதீர்கள். இந்த வாரம் நான் யாரைக் கண்டும் விலகிச் சென்றேன்? வகுப்பின் கடைசி வரிசையில் எவரோடும் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவனின் முகம் தோன்றலாம். தோன்றினால் வாசிப்பு தியானமாயிற்று. அவனுக்காக இரண்டு சொல், எனக்காக ஒரு சொல் இறைவனிடம் சொன்னால் தியானம் செபமாயிற்று. நாளை உணவு இடைவேளையில் அவன் அருகே சென்று அமர்வேன் என்று தீர்மானித்து, மறுநாள் அவ்வாறே அமர்ந்தால் அது புண்ணியத்தின் முதல் வித்து. இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும். ஐந்து வரிக்கு மேல் படித்திருக்கவும் மாட்டீர்கள்.

மனம் எவ்வாற்றானும் நில்லாத நாட்களும் வரும். அவிலாவின் தெரேசம்மாள் செப வாழ்வின் பேராசிரியை. 1970-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. அவரே பல ஆண்டுகள் கையில் நூலின்றிச் செபிக்க அஞ்சியதாக எழுதியிருக்கிறார். சில வேளை நூலைத் திறந்து வைத்தாலே போதுமாம். சிதறிய மனம் கூடிவிடுமாம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும். கரையில் வாழ்ந்தவர் அதைக் கண்டு ஆறு செத்துவிட்டது என்று சொன்னதில்லை. மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுத்தனர். (மணலையே வாரிச் சென்றுவிட்ட இடங்களில் இன்று ஊற்றும் அரிதாயிற்று, அது வேறு கவலை.) வறட்சியான நாளில் நூல் நம் கையிலுள்ள மண்வெட்டி.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு நூல் என்று மாற்றிக்கொண்டே இருப்பவர் எதிலும் வேரூன்றமாட்டார். புனிதர் சரிதையில் கடும் நோன்பைப் படித்துவிட்டு மறுநாளே பட்டினி கிடக்கத் தொடங்குவதும் தவறு; அவர்களுடைய அன்பைப் பின்பற்றுக, நோன்பின் அளவை உங்களை அறிந்த ஆன்ம குருவிடம் கேட்டுக்கொள்க. அழகிய ஒற்றை வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் தொகுப்புகளை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. அவை மிட்டாய் போன்றவை. எல்லாவற்றிலும் பெரிய இடர், 'இந்தப் பக்கம் என் தம்பிக்கு எவ்வளவு பொருத்தம்!' என்று எண்ணிக்கொண்டே படிப்பது. பிறருக்குப் போதிக்கும் உபதேசியார்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை வீரமாமுனிவர் எழுதினார். போதிப்பவனுக்கே முதலில் மருந்து வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

எந்த நூலில் தொடங்குவது என்று கேட்பீர்கள். நற்செய்தியே முதன்மையானது. அதனோடு வேறொன்றும் வேண்டுமாயின், 15-ஆம் நூற்றாண்டில் தாமஸ் கெம்பிஸ் எழுதிய 'கிறிஸ்து அநுசாரம்' என்னும் நூலைச் சொல்வேன். விவேகானந்தர் பரிவிராசகராய் நாடெங்கும் சுற்றித் திரிந்தபோது கீதையோடு உடன் வைத்திருந்த நூல் அது. அதன் சில பகுதிகளை 1889-இல் வங்காளத்தில் அவர் மொழிபெயர்க்கவும் செய்தார். நான்கு பாகங்களிலும் சேர்த்து 114 சிறு அதிகாரங்கள். பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்தில், நாளுக்கு ஓர் அதிகாரமாகத் தொடங்குவோமானால், செப்டம்பர் இறுதியில், காலாண்டுத் தேர்வை ஒட்டி, கடைசி அதிகாரம் வந்து சேரும். விடுமுறை முடிந்ததும் மீண்டும் முதல் அதிகாரத்தைத் திறக்கலாம்.