விழிஞ்ஞமும் பெருவும் எழுப்பும் ஒரே கேள்வி



திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, கோவளத்தை அடுத்து விழிஞ்ஞம் உள்ளது. கோவளத்திற்கு வரும் பயணிகளுள் சிலர் இங்குள்ள குடைவரைக் கோயிலையும் கண்டு செல்கின்றனர். எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் அக்கோயில் ஒரே ஒரு சிற்றறை. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிப்பாறையில் உளிவேலை முற்றுப்பெறாத உருவங்கள். சில நிமிடங்களில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் அக்கல்லைச் சுற்றிய வரலாறு அத்தனை சிறியதன்று.

ஆய் மன்னர்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கிய ஊர் இது. மேலைக்கடல் வாணிகத்தில் கண்வைத்துப் பாண்டியரும் பின்னர்ச் சோழரும் இதன்மீது படை நடத்தினர். இராசராசனின் விழிஞ்ஞ வெற்றியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பேசுகின்றன. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் வழங்கிய செப்பேடு, இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 95 மாணவர்க்கு உணவும் கல்வியும் அளிக்கும் சாலை நிறுவப்பட்டதைக் கூறுகிறது. மன்னர் பெயரும் போர்ச் செய்தியும் கல்லிலும் செம்பிலும் நிலைத்தன. இத்துறைமுகத்தில் கலம் செலுத்தியவரும் சுமை இறக்கியவரும் யார்? அவர்கள் வழிவந்தோர் இன்று எங்கே?

இதே கேள்விக்குத் தென்னமெரிக்காவின் பெரு நாடு ஒரு விடை தருகிறது. இன்கா பேரரசின் பெருமையைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் மாச்சு பிச்சுவுக்குச் செல்கின்றனர். 1911இல் அமெரிக்கரான ஹிராம் பிங்காம் அதைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதப்படுகிறது. அவர் அங்குச் சென்றபோது அதன் படிவயல்களில் உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. அவ்விடத்துச் சிறுவன் ஒருவனே அவருக்கு வழி காட்டினான். கண்டுபிடித்தவரின் பெயரை உலகம் அறிந்தது. அங்கு வாழ்ந்தவரின் பெயரை அறியவில்லை.

இன்கா ஆட்சியும் பேரரசே; அதன் சாலைகளும் மதில்களும் எளிய மக்களின் உழைப்பால் எழுந்தவை. 1533இல் குஸ்கோவைக் கைப்பற்றிய ஸ்பானியர், 'மிதா' எனப்பட்ட சுழற்சிமுறைப் பொதுப்பணியை வெள்ளிச் சுரங்கத்திற்கான கட்டாய உழைப்பாக மாற்றினர். நிலமும் பண்ணையாரிடம் சென்றது. பெருவின் மார்க்சியச் சிந்தனையாளர் ஹோசே கார்லோஸ் மரியாத்தெகி, 1928இல் வெளியான தம் ஏழு கட்டுரைகள் அடங்கிய நூலில் இதை ஆராய்ந்தார். பழங்குடி மக்களின் சிக்கலைக் கல்விக் குறையாகவும் இனக் குறையாகவும் பிறர் விளக்கிவந்த காலம் அது. அதன் வேர் நிலவுடைமையில் உள்ளது என அவர் நிறுவினார். மூதாதையரின் கற்களைப் போற்றிவிட்டு, அவர்தம் பிள்ளைகளிடம் நிலத்தைத் தர மறுப்பது போலிப் பெருமை என்பதே அதிலிருந்து பெறத்தக்க பாடம். 1969இல்தான் அங்குப் பெரும் நிலச்சீர்திருத்தம் வந்தது.

பெருவில் நிலம் எதுவோ, விழிஞ்ஞத்தில் கடலும் கரையும் அதுவே. இங்குள்ள மீனவர்கள் கரையில் தெரியும் மலைமுகட்டையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலடிப் பாறைத்திட்டின் இடத்தைக் குறித்துக்கொள்வர். எந்தச் செப்பேட்டிலும் ஏறாத, தலைமுறைகள் காத்துவந்த அறிவு அது. 2018 பெருவெள்ளத்தில் கேரள மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று பல்லாயிரவரை மீட்டனர். திருவனந்தபுரம் கடற்கரை மீனவரும் அவர்களுள் இருந்தனர்.

இக்கரையில்தான் அதானி குழுமத்துடன் 2015இல் செய்த ஒப்பந்தப்படி ஆழ்நீர்த் துறைமுகம் எழுந்து, 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. இயற்கையான ஆழமும் பன்னாட்டுக் கப்பல் வழியின் அண்மையும் இதன் சிறப்புகள். நாட்டிற்குத் துறைமுகங்கள் தேவை. ஆயினும் 2022இல் மீனவர்கள் பல மாதங்கள் போராடினர். கரையரிப்பில் வீடிழந்து சிமெண்ட் கிடங்கில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு மறுவாழ்வு, மண்ணெண்ணெய் மானியம், எச்சரிக்கையால் கடலுக்குச் செல்லவியலாத நாள்களுக்கு ஈடு ஆகியவை அவர்களின் கோரிக்கைகளுள் அடங்கும். கரையரிப்பின் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு இருந்தது. வீடிழந்தவர் வீடிழந்தவரே என்பதில் வேறுபாட்டிற்கு இடமில்லை.

துறைமுகம் வேண்டுவோர், மீனவர் என்று உழைக்கும் மக்களை இரு அணியாகப் பிரித்து நிறுத்துவது மூலதனத்திற்கே வசதி. துறைமுகத்தின் வேலையிலும் வருவாயிலும் கரைவாழ் மக்களுக்குப் பங்கு, கடலுக்குச் செல்லும் வழி, உறுதியான வீடு ஆகியவை கருணையால் கிடைப்பவையாக இருத்தல் கூடாது. சட்டப்படியான உரிமைகளாக வேண்டும். இதைக் கேட்கும் கடமை துறைமுகத் தொழிலாளர் சங்கத்திற்கும் உண்டு.

விழிஞ்ஞத்துக் குடைவரைக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு இருக்கிறது, அது தேவையானதே. அப்பாறைக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதன் அடிவாரத்திலிருந்து நாள்தோறும் கடலுக்குச் செல்லும் மனிதருக்கும் கிடைக்க வேண்டும். பழைய நாடுகளில் பயணம் செய்வோர் கற்களைக் காண்பதோடு நில்லாமல், அம்மண்ணின் மக்களிடம் இன்று எது எஞ்சியுள்ளது என்றும் கேட்டறிவாராக.