எந்தத் தெருக் குழாயில் பிடித்தது?



நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். விட்டால் அடிமண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி, பரவனாறு என்று போகிறது. “கோடையிலும் தண்ணி ஓடுதே, அப்புறம் என்ன குறை?” என்று கேட்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குக் கீழே கிடந்திருக்க வேண்டிய தண்ணீர் அது. ஆகவே ஓடையை மட்டும் அளந்தால் போதாது, அதே நாளில் கிணற்று நீர்மட்டத்தையும் அளக்க வேண்டும்.

ஓட்டத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். நேராக ஓடும் பத்து மீட்டர் வாய்க்கால், ஓர் ஆரஞ்சுப் பழம், கைப்பேசி. பழம் எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்த்தால் வேகம் கிடைக்கும். அகலம், சராசரி ஆழம், வேகம் மூன்றையும் பெருக்குங்கள். மேல்நீர் சற்று வேகமாக ஓடும் என்பதால் வந்த விடையை 0.85 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதுதான் கடினம். உப்பு அளக்கும் கைக்கருவிக்குப் பாதரசம் தெரியாது. 2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வு, வடக்குவெள்ளூர் நிலத்தடி நீரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல 250 மடங்கு என்றது. நமக்குத் தெரிந்ததற்குக் காரணம், யாரோ புட்டியோடு அங்கே போனதுதான்.

நான் கேட்க விரும்புவது, புட்டி எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதை. மாதிரிப் படிவத்தில் ஊர்ப்பெயர் இருக்கும், தேதி இருக்கும், தெரு இருக்காது. ஊர்த்தெருவில் ஆழ்குழாய் நீரும், சேரியில் ஆழமில்லாத கைப்பம்பும் இருந்தால் அவை இரண்டும் ஒரே தண்ணீர் அல்ல. ஊருக்கு ஒரு மாதிரி எடுத்து ‘பாதுகாப்பானது’ என்று எழுதினால், அது யாருடைய பாதுகாப்பு? வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். 1927இல் மகாடில் அண்ணல் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அந்த உரிமையில், குடிக்கும் நீரில் என்ன இருக்கிறது என்று அறிவதும் சேர்த்தி.

இழப்பீட்டுப் பேச்சிலும் இதே கதைதான். நிலத்துக்கு விலை பேசுகிறார்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்குப் பட்டா கிடையாது, கெட்ட தண்ணீர் மட்டும் உண்டு.

மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை போவோம். சுரங்க நீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, சேரிக் கைப்பம்பில் ஒன்று. பாதரசம் பிளாஸ்டிக்கில் நிற்காது. ஆய்வகம் அமிலமிட்டுத் தரும் கண்ணாடிப் புட்டியையே எடுத்துச் செல்லுங்கள். படிவத்தில் தெருவின் பெயரையும் எழுதுங்கள்.