லோதித் தோட்டத்துப் பருவங்கள்



தில்லிக்குக் குடிவந்த தொடக்கத்தில் நாங்கள் பருவங்களைப் பஞ்சாங்கத்திலேயே கண்டோம். ஐப்பசி பிறந்தால் குடையைத் தேடுவோம். இங்கோ வானம் வெளிறிக் கிடக்கும். இந்நகரத்துப் பருவங்களை எங்களுக்குக் கற்பித்தது லோதித் தோட்டம். சங்கத்து அன்பர் சிலர் காலைதோறும் அங்கு உலாவி வருவதை நீவிர் அறிவீர்.

தோட்டம் என்று சொல்லினும் அது கல்லறைகளின் இடம். சையது மரபினனாகிய முகம்மது ஷாவும், 1517இல் மறைந்த சிக்கந்தர் லோதியும் அங்கே துயில்கின்றனர். அக்கல்லறைகளைச் சூழ்ந்து கைர்ப்பூர் என்னும் சிற்றூர் இருந்தது. அவ்வூராரை வேறிடத்திற்கு அனுப்பிவிட்டு, 1936இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரால் இதனைத் திறந்தனர். விடுதலைக்குப் பின்னர்ப் பெயர் மாறியது. 1968இல் ஸ்டைன், எக்போ என்னும் இருவர் தோட்டத்தைத் திருத்தி அமைத்தனர். பூங்காவைப் புகழ்வோர் அவ்வூராரை நினைப்பதில்லை. ஊர்விட்டு வந்த நாமாவது நினைக்கலாமன்றோ?

மாசியில் இலவ மரம் இலையின்றிச் செம்மலர் தாங்கி நிற்கும். பாத்திகளெல்லாம் பூவாயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் பாய் விரித்து, ஆரஞ்சு உரித்து, வேர்க்கடலை கொறித்து வெயில் காயும். வெயில் காய்தல் என்பதே நமக்குப் புதுமை. ஊரில் நாம் வெயிலுக்கு ஒதுங்கியன்றோ பழகினோம்!

எங்கள் குழுவின் மூத்தவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வைகாசிக்காகவே காத்திருப்பார். 'லூ' என்னும் அனற்காற்று வீசத் தொடங்கிவிடும். ஆதலால் விடியுமுன்னரே செல்வோம். எட்டுத் தூண்களை உடைமையால் ஆட்புலா எனப்படும் அக்பர் காலத்துப் பாலத்தருகே ஒரு சரக்கொன்றை, உடலெங்கும் பொன்னாகத் தொங்கும். பெரியவரோ முகஞ்சுளிப்பார். "கொன்றை கார்காலத்து மலர். பருவமல்லாத மழையைக் காரென மயங்கிப் பூத்த பேதைமரம் என்று குறுந்தொகைத் தோழி சொல்லவில்லையா? இதுவோ ஒரு துளியும் வீழாமலே பூக்கிறது. நம்மைப் போல் இடந்தெரியாத மரம்!" என்பார்.

ஒரு நாள் எங்களுள் ஒருவர் மனைவியார் துணிந்து, "ஐயா, எங்கள் ஊரிலும் இது சித்திரை, வைகாசியில்தான் பூக்கும். நாம் நூலைப் பார்த்தோம், மரத்தைப் பார்க்கவில்லை" என்றார். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. அன்று திரும்பும்போது அம்மரத்தடியில் நின்றே வந்தார்.

ஆனியில் மழை வரும். தோட்டம் ஒரே வாரத்தில் பசுமையாகிவிடும். புது தில்லிச் சாலைகளில் நாவற்பழம் உதிர்ந்து செருப்பெல்லாம் ஊதாவாகும்.

கார்த்திகையைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. முன்னாளில் அது பனி. இந்நாளில் பெரும்பாலும் புகை. சில காலைகளில் சிக்கந்தர் லோதியின் குவிமாடமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரியவர் இருமத் தொடங்கினார். விடியலில் வெளியே செல்லலாகாது என்றார் மருத்துவர். நாங்கள் உலாவை நண்பகலுக்கு மாற்றினோம், அதுவும் பயன்படவில்லை. நாற்பதாண்டுத் தில்லி வாழ்வை முடித்துக்கொண்டு, மகளுடன் மயிலாடுதுறைக்குச் சென்றுவிட்டார். புகைவண்டி நிலையத்தில் அவர் எங்களுடன் பேசியது பெட்டிகளின் எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே.

இவ்வாண்டு வைகாசியில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "கொன்றை பூத்ததா?" என்று வினவினார். உடனே படமெடுத்து அனுப்பினோம். சிறிது நேரத்தில் மறுபடியும் அழைத்தார்.

"பாலத்தருகே இருப்பதுதானே? இடப்பக்கத்துக் கிளை எங்கே?"

சித்திரைப் புழுதிக்காற்றில் அக்கிளை முறிந்து வீழ்ந்திருந்தது. நாள்தோறும் அவ்வழியே நடக்கும் நாங்கள் அதனைக் கவனிக்கவில்லை.