முத்திரை குத்தியவர் எங்கே?

(பாளையம்பட்டி பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாடகம் எழுதுகிறவனைப் பேச அழைத்தீர்கள். ஆகவே ஒரு காட்சியோடு தொடங்குகிறேன்.

மழை பொய்த்து, பருத்தி பொய்த்து, வெடித்துக் கிடக்கிறது ஒரு கரிசல் காடு. ஒரு நாள் அங்கே கல் நட்டார்கள், வண்ணக்கொடி கட்டினார்கள், 'பஞ்சாயத்து அப்ரூவ்டு மனைகள்' என்று பலகை வைத்தார்கள். நாளெல்லாம் தறியிலே தேய்ந்த நெசவாளி, மனைவியின் கழுத்து நகையை அடகு வைத்து மூன்று சென்ட் வாங்குகிறான். வரைபடத்திலே ஊராட்சித் தலைவரின் முத்திரை! படித்தவன் அதைப் பார்த்தான், நம்பினான். படிக்காதவன் தொட்டுப் பார்த்தான், அவனும் நம்பினான்.

அந்த முத்திரை செல்லுமா? செல்லாது தோழர்களே! 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, நிலத்தை மனைகளாகப் பிரிக்க நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் தலைவர் குத்திய முத்திரை, தாளுக்கு அழகு, சட்டத்துக்கு அல்ல. எல்லாத் தலைவர்களையும் பழிக்கவில்லை நான். விதி தெரியாமல் குத்தியவரும் உண்டு. தெரிந்தே குத்தியவரும் உண்டு என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

2016 செப்டம்பர் 9. ஒப்புதலற்ற மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்றது சென்னை உயர்நீதிமன்றம். நல்ல ஆணைதான். ஆனால் அன்று திகைத்து நின்றவன் யார்? விற்றவனா? அவன் பணத்தை எண்ணி முடித்துவிட்டான். முத்திரை குத்தியவரா? அவர் பதவிக் காலமே முடிந்துவிட்டது. மகள் திருமணத்துக்கு மனையை விற்க வந்த நெசவாளியல்லவா சார்பதிவாளர் வாசலிலே நின்றான்!

2017 மே மாதம் வந்தன வரன்முறை விதிகள். 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனையா? கட்டணம் கட்டு, வளர்ச்சிக் கட்டணமும் கட்டு, முறைப்படுத்துகிறோம் என்றது அரசு. மனைப்பிரிவு போட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்றது விதி. வராதவரைத் தேடிப் பிடிப்பது யார்? கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான்; இருந்தும் இந்தக் கணக்கு எனக்கு விளங்குகிறது. ஏய்த்தவனுக்கு இலாபம், ஏமாந்தவனுக்கு அபராதம்!

முறையான மனைப்பிரிவிலே சாலைக்கான இடமும் பூங்காவுக்கான இடமும் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு வரும். இங்கே என்ன வந்தது? சாலை கேட்டால் 'இடம் எங்கள் பெயரில் இல்லை' என்ற பதில் வந்தது. கண்மாயிலோ வரத்துக்காலிலோ கல் நட்டிருந்தால், கட்டணம் கட்டியும் மீட்சியில்லை. கண்மாயை நம்பி வாழும் இந்தச் சீமையிலே நீர்வழியைக் காப்பது நியாயம்தான். அங்கே கல் நட்ட அன்றே தடுத்திருக்க வேண்டாமா?

சென்னையின் கதை வேறு. 1999 பிப்ரவரிக்கு முன் விதிமீறி எழுந்த கட்டடங்களுக்கு 'ஒருமுறை மட்டும்' மன்னிப்பு என்றார்கள். அந்த ஒருமுறை மேலும் மூன்று முறை நீண்டது; 2006இல் உயர்நீதிமன்றம்தான் நிறுத்தியது. மாடி கட்டியவனுக்கு மன்னிப்பு வீட்டு வாசலுக்கே வந்தது. புறம்போக்கிலே குடிசை போட்டவனுக்கோ, 1905ஆம் ஆண்டு வெள்ளையன் எழுதிய ஆக்கிரமிப்புச் சட்டத்தின் தாள்தான் வந்தது!

அக்டோபர் 2 அன்று கிராமசபை கூடும். அங்கே போங்கள். நம் ஊர் எல்லையிலே கல் நட்ட இடங்களின் சர்வே எண் என்ன, ஒப்புதல் எண் என்ன, ஒப்புதல் இல்லாதவை எவை என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை ஊராட்சிச் சுவரிலே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததையும் தீர்மானப் புத்தகத்திலே பதியச் சொல்லுங்கள்!