தையல் கூடத்துக் கேமராவும் ரூட்டரில் திறந்த கதவும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று ரூட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிச்சீங்க. இருக்கட்டும், காரணத்தைச் சொல்லிடறோம்.

நம் குழு ஒன்றின் தையல் கூடம் உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியில் நடக்கிறது. துணி காணாமப் போகுதுன்னு கேமரா மாட்டினார்கள். செல்போனிலேயே பார்க்க வேண்டும் என்று கேட்டதால், மாட்ட வந்தவர் ரூட்டரில் எதையோ அமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கணக்குப் பார்க்கப் போன நாங்கள் தற்செயலாகத்தான் கவனித்தோம். கேமரா ரெக்கார்டரில் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டே இருந்தது: 12345. எந்த ஊரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்திருக்கலாம். அங்கே எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். மதியம் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவங்களும் உண்டு.

அவர் செய்ததற்குப் பெயர் 'போர்ட் ஃபார்வர்டிங்'. ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம், தெருவுக்கு ஒரே கதவு எண் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கதவு எண்தான் ரூட்டரின் வெளி ஐ.பி. முகவரி. உள்ளே இருக்கும் போன், டிவி, கேமரா ஒவ்வொன்றுக்கும் தனி எண்; பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். நாம் கேட்டு வரும் பதிலை ரூட்டர் உள்ளே சேர்க்கும். கூப்பிடாமல் வருகிறவரை வாசலிலேயே நிறுத்தும். போர்ட் ஃபார்வர்டிங் என்றால், 'இந்த எண்ணைச் சொல்லித் தட்டுறவரை நேரா கேமரா அறைக்கு அனுப்பு' என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு போடுவது. தட்டுவது யார் என்று அவர் கேட்க மாட்டார்.

"நம்ம வீட்டை யாருங்க தேடி வரப் போறா?" என்று கேட்டார் அந்த வீட்டு அக்கா. தேடி வர வேண்டியதே இல்லை. பழைய முறை ஐ.பி. முகவரிகள் அத்தனையையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று 2013-லேயே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2016-ல் 'மிராய்' என்ற கெட்ட மென்பொருள், கம்பெனி பாஸ்வேர்டுகள் சுமார் அறுபதை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அதனால் போர்ட் எண்ணை மட்டும் மாற்றி வைத்தால் ஒளிந்துகொள்ள முடியாது.

முதலில், திறக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். இப்போது பல கேமராக்களைக் கம்பெனி ஆப் மூலமாகவே பார்க்கலாம். ரூட்டரில் கதவு திறக்க வேண்டாம். அங்கேயும் பாஸ்வேர்டு பலமாக இருக்க வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வி.பி.என். அமைக்கச் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது. இன்னொன்று: ரூட்டர் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அந்த முகவரியைப் பல வீடுகள் பங்கு போடும் இணைப்பு அது. என்ன அமைத்தாலும் வெளியிலிருந்து திறக்காது. அதற்காக யாரிடமும் கூலி கொடுத்து ஏமாறாதீர்கள்.

திறந்தே ஆக வேண்டும் என்றால், ரூட்டருக்கும் ரெக்கார்டருக்கும் வெவ்வேறு நீளமான பாஸ்வேர்டு போட்டு, இரண்டின் மென்பொருளையும் புதுப்பித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ரெக்கார்டரின் உள் எண்ணை நிலையாக்குங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் அந்தக் கதவு வேறு பொருளுக்குப் போய் நிற்கும். தேவையான ஒரே ஒரு போர்ட் போதும். 'டி.எம்.இஸட்' என்பதைத் தொடவே கூடாது, அது ஒரு பொருளை முழுசாகத் தெருவில் தூக்கி வைப்பது. 'யு.பி.என்.பி.' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் உள்ளே இருக்கும் கருவிகள் நம்மைக் கேட்காமலே கதவு திறந்துகொள்ளும். ரூட்டரை வெளியிலிருந்து இயக்கும் வசதியும் வேண்டாம். முடிந்ததும் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். மாட்டுகிறவரிடம், 'எந்த எண்ணைத் திறந்தீங்க, எழுதிக் கொடுங்க' என்று கேளுங்கள். காசு கொடுக்கிறது நாமதானே. அப்புறம், ரூட்டர் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுடாதீங்க. ஒருத்தர் போட்டார்!

தையல் கூடத்தில் அந்த விதியை அழித்தாயிற்று. கேமரா இப்போது கதவையும் துணி அலமாரியையும் மட்டும் பார்க்கிறது. எட்டுப் பேரையும் உட்கார வைத்துக் கேட்ட பிறகுதான் அதைத் திருப்பினோம். முதல் தடவை மாட்டும்போது அவங்களை யாரும் கேட்கலை.