கல்லுக்கு முன் வருவது சொல்

(யாழ்ப்பாணத்தில் நடந்த தொழிலாளர் கூட்டமொன்றில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இரவு பஸ் ஏறி இன்று விடியற்காலை இங்கே வந்து இறங்கினேன். பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர், தனக்குத் தோட்டம் இருக்கிறது என்றார். வெங்காயமும் மிளகாயும் போட்டிருக்கிறாராம். யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் அதுதான். ‘அவர் தோட்டம் செய்கிறார்’ என்றால் மரியாதையான பேச்சு. “நானும் தோட்டம்தான் ஐயா, தேயிலைத் தோட்டம்” என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரே சொல்தான். அவருக்கு அது பெருமை. நமக்கு அதோடு ‘காட்டான்’ என்பதையும் சேர்த்து வசவாக்கி வைத்திருக்கிறார்கள். போன வருஷம் என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், தோட்டக்காட்டான் என்றால் கெட்ட வார்த்தையா?” என்று கேட்டது. அதன் அக்கா டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். அங்கே கேட்டுவிட்டு வந்து வீட்டில் அழுதிருக்கிறாள். நான் அன்றைக்குப் பிள்ளைக்குச் சரியான பதில் சொல்லவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் தூரத்துக் கதை ஒன்று. அமெரிக்காவின் தெற்கில் லூசியானா என்று ஒரு மாநிலம். அங்கே பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள். அடிமை முறை 1865இல் ஒழிந்த பிறகு, தோட்டத்துரைமாருக்குக் குறைந்த கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து ஏழைகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறிய நம் பாட்டன் பூட்டனின் கதை போலவே இருக்கிறதல்லவா?

வந்தவர்கள் வேலை செய்யும்வரை பிரச்சினை இல்லை. சிறுகடை போட்டார்கள், பழம் விற்றார்கள், துறைமுகத்தில் கால் ஊன்றினார்கள். உடனே பெயர்கள் முளைத்தன. ‘டேகோ’ என்று ஒரு வசவு. ‘எல்லோரும் மாஃபியா’ என்று ஒரு பழி. பத்திரிகைகள் அதைத் திரும்பத் திரும்ப எழுதின.

1890 அக்டோபரில் நியூ ஓர்லியன்ஸ் நகரப் பொலிஸ் தலைவர் டேவிட் ஹெனசியை யாரோ சுட்டுக் கொன்றார்கள். இத்தாலியர் என்ற ஒரே காரணத்துக்காகப் பலரைப் பிடித்து அடைத்தார்கள். 19 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். 9 பேரின் வழக்கு முதலில் நடந்தது. 6 பேர் குற்றமற்றவர்கள் என்று ஜூரிகள் சொன்னார்கள். மற்ற 3 பேர் விஷயத்தில் முடிவுக்கு வர முடியவில்லை.

அடுத்த நாள், 1891 மார்ச் 14. காலைப் பத்திரிகைகளிலேயே அழைப்பு வந்தது: நகர மக்கள் எல்லோரும் ஒன்றுகூடுங்கள் என்று. ஆயிரக்கணக்கில் கூடினார்கள். முன்னால் நின்றவர்கள் வழக்கறிஞர்களும் வியாபாரிகளும். சிறையை உடைத்துப் புகுந்து 11 பேரைக் கொன்றார்கள். அதில் விடுதலையானவர்களும் இருந்தார்கள், வழக்கே தொடங்காதவர்களும் இருந்தார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோன் பார்க்கர் என்பவர் பிறகு அதே மாநிலத்துக்கு ஆளுநராகவே வந்தார். 1899இல் டலூலா என்ற சிற்றூரில், ஆடு மேய்ந்த தகராறில் தொடங்கி 5 சிசிலிக்காரரைத் தூக்கில் போட்டார்கள். நியூ ஓர்லியன்ஸ் மேயர் மன்னிப்புக் கேட்டது 2019இல். 128 வருஷம் கழித்து!

தோழர்களே, இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 11 பேர் செத்ததும் இத்தாலி தன் தூதரைத் திருப்பி அழைத்தது. இரண்டு நாட்டுக்கும் உறவு முறுகியது. கடைசியில் அமெரிக்க அரசு 25,000 டொலர் நட்டஈடு கொடுத்தது. போன உயிருக்கு அது ஈடாகாது. ஆனாலும் செத்தவர்களுக்காகக் கேட்க ஒரு நாடு இருந்தது.

நமக்காகக் கேட்க யார் இருந்தார்கள்?

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனோம். அடுத்த வருஷம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்துக்கு வடக்கின் தலைவர்களில் ஒரு பகுதியினரும் கை தூக்கினார்கள். அதை எதிர்த்துப் பிரிந்துபோன செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதையும் நாம் மறக்கக் கூடாது. 1947இல் மலையகத்திலிருந்து நம் பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். 1952இல் ஒருவர்கூட இல்லை. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் டில்லியில் உட்கார்ந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தன. அந்த மேசையில் நம் ஆள் ஒருவரும் இல்லை.

இந்த நிலையில்தான் 1977 வந்தது. முந்தைய வருஷம், இதே குடாநாட்டின் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்தார்கள். அதை வைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி ஜூலைத் தேர்தலில் வென்றது. மலையகத் தலைமை தனிநாட்டுக் கோரிக்கையில் சேரவில்லை. நம் ஆட்கள் பலருக்கு வாக்கே இல்லை. ஆனால் ஆகஸ்டில் அடி யாருக்கு விழுந்தது? தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. வாக்கில்லாதவனை, இன்னொருவர் போட்ட வாக்குக்காக அடித்தார்கள்.

என் சின்ன அப்பாயி அன்றிரவு தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக்கிடந்தது. கைக்குழந்தை அழுதுவிடக் கூடாதென்று அதன் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கிடந்தது. பிறகு லொறி ஏறிக் கிளிநொச்சிக்கு வந்தது. அங்கிருந்து வெங்காயம் பிடுங்கக் குடாநாட்டுக்கு வந்து போகும். ஒரு வீட்டில் அதற்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனிக் கோப்பை வைத்திருந்தார்களாம். வேலியில் கவிழ்த்து வைத்திருக்கும். “அங்க தமிழச்சின்னு அடிச்சான், இங்க வடக்கத்தியாள்னு கோப்பைய வேலில வச்சான்” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்துத் தோழர்களே, உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அடிபட்டு வந்தவர்களுக்கு வன்னியில் காணி கொடுத்துக் குடியேற்றப் பாடுபட்ட காந்தீயம் இயக்கத்தின் டொக்டர் இராஜசுந்தரமும் வடக்கிலிருந்து வந்தவர்தான். அவர் எப்படிச் செத்தார்? 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள். ஜூலை 25இலும் 27இலும் அங்கே 53 கைதிகளை அடித்தே கொன்றார்கள். 2000 அக்டோபர் 25, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாம். ஊரே திரண்டு வந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கேதான் நின்றார்கள். 2005இல் உயர் நீதிமன்றம் வரை போன வழக்கில் எஞ்சியிருந்தவர்களும் விடுதலையானார்கள். நியூ ஓர்லியன்ஸ், வெலிக்கடை, பிந்துனுவெவ. மூன்றுமே அரசின் பூட்டுக்குள் இருந்தவர்களுக்கு நடந்தது.

கூட்டம் ஒரு நாளில் கூடுவதில்லை. முதலில் பெயர் வைக்கிறார்கள். பிறகு அந்தப் பெயருக்கு ஏற்றமாதிரி சட்டம் எழுதுகிறார்கள். ‘கள்ளத்தோணி’ என்று வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய்க்கு, லயத்துக்குத் தீ வைத்ததும் ‘நம் ஊரைச் சுத்தம் செய்தோம்’ என்று சொல்வது கஷ்டமாக இருக்காது. கல் கடைசியில்தான் வருகிறது.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, நம் லயங்களில் சிலர் போனில் வந்த பொய்யை அடுத்தவருக்கு அனுப்பினார்கள். என் சொந்தக்காரர் ஒருவரும் அனுப்பினார். 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டுப் போக இரண்டு மணி நேரம்தான் கொடுக்கப்பட்டது. அதுவும் தமிழின் பெயரால் நடந்ததுதான். அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

என்ன செய்யலாம்? மூன்று வேலை இருக்கிறது. ஒன்று, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனாலும் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, அடையாள அட்டை இல்லாதவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாகப் போய் அந்தப் பட்டியலை எடுக்க வேண்டும். பேப்பர் இல்லாதவன்தான் முதலில் அடிபடுவான். இரண்டு, 1977ஐயும் 1981ஐயும் 1983ஐயும் கண்ட பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதி எடுக்கட்டும். தோட்டத்தின் பெயர், நாள், தப்பி வந்த வழி, காப்பாற்றியவர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். கதவைத் திறந்து நம்மை ஒளித்துவைத்த சிங்களக் குடும்பங்களும் அந்தக் கொப்பியில் வர வேண்டும். மூன்று, யார் மீதான வசவாக இருந்தாலும், பிரட்டுக் களத்திலோ கடையிலோ வகுப்பிலோ கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். “அந்தச் சொல் வேண்டாம்” என்று சொன்னால் போதும்.

என் மாணவிக்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்த வார்த்தையில் கெட்டது தோட்டமும் இல்லை, காடும் இல்லை மகளே. உன்னைத் தனியாகப் பிரித்து நிறுத்த அதைச் சொல்கிறார்களே, அதுதான் கெட்டது. தனியாக நிற்பவரைத்தான் கூட்டம் தேடும். அதனால்தான் சங்கம் வைத்திருக்கிறோம்.

இன்றிரவு மறுபடி பஸ் ஏறுவேன். பக்கத்தில் யாராவது இருப்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சொல்வேன்: தோட்டம்தான், தேயிலைத் தோட்டம்.