களம் மாறிய வீராங்கனை

மாணவ மாணவியரே, கரிசல் நிலத்தில் யார் எந்த ஆட்டம் ஆடுவது என்பதை முடிவு செய்வதில் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் ஓரடி எடுத்து வைத்தால் காலோடு ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வரும். சித்திரையில் அதே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஓடுகிற பிள்ளையின் கணுக்கால் அவ்வெடிப்பில் சிக்கினால் ஒரு மாதம் படுக்கைதான். சரளை கொட்டி இறுக்கிய மைதானம் அமைந்த இடத்தில் ஹாக்கி வளர்ந்தது. அமையாத இடத்தில் சடுகுடுவும் கோ-கோவும் வளர்ந்தன. இன்று கோவில்பட்டியில் ஹாக்கிக்குச் செயற்கைப் புல்தரையே இருக்கிறது. அங்கே பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்திய நாட்டுக்காக ஆடினார்கள். கூடைப்பந்துக்கோ சிமெண்டுத் தளம் வேண்டும். நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றிலேனும் அது இருந்ததில்லை.

இவ்வாறு மண்ணும் வசதியும் நமக்கு ஓர் ஆட்டத்தைத் தந்துவிடுகின்றன. அதற்காக, அதில் பழகிய உடல் அவ்வாட்டத்துக்கே உரியது என்று எண்ணிவிடுதல் தவறு. 'என் பிள்ளையை அவர் பறித்துக்கொண்டார்' என்று உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மற்றவர்மீது மனத்தாங்கல் கொள்வதும், தலைமையாசிரியன் நடுவே புகுந்து சமாதானம் செய்வதும் பள்ளிகளில் வழக்கம். நானும் செய்திருக்கிறேன். கோ-கோவில் குந்தியிருந்து, தட்டிய கணத்தில் எழுந்து, திசை மாற்றிப் பாயும் பெண்ணின்மீது ஹாக்கி ஆசிரியர் கண் வைப்பதில் வியப்பென்ன?

நமக்கு அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கேரளத்துக் கோட்டயம் பக்கத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ் முதலில் கைப்பந்து ஆடியவர். கல்லூரிப் பருவத்தில்தான் கூடைப்பந்துக்கு மாறினார். ஆறடி இரண்டங்குல உயரம் கொண்ட அவர், சென்னையில் தெற்கு ரயில்வே அணிக்கு ஆடி, இந்திய மகளிர் அணியின் தலைவியாகவும் விளங்கினார். 2014இல் அருச்சுனா விருது பெற்றார். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர்ப்பகுதியிலுள்ள ரிங்வுட் கழகம் அவரைத் தன் அணிக்கு அழைத்துக்கொண்டது.

அவர் சென்று ஆடிய அந்த மெல்போர்ன் நகரத்தார் உயிராக மதிப்பது கூடைப்பந்தை அன்று. 1859இல் அந்நகரத்திலேயே விதிகள் எழுதப்பெற்ற ஆஸ்திரேலியக் கால்பந்தைத்தான். அந்நாட்டில் பிறந்த ஒரு பெண், கூடைப்பந்தில் உலகப் புகழ் அடைந்தபின் அதனை விட்டுவிட்டு இந்தக் கால்பந்துக்குச் சென்றார். அவர் பெயர் எரின் பிலிப்ஸ். கீதுவைப் போலவே 1985இல் பிறந்தவர். ஊர் அடிலெய்டு.

அவருடைய தந்தை கிரெக் பிலிப்ஸ், போர்ட் அடிலெய்டு கழகத்துக்கு ஆடி எட்டு முறை வெற்றிக் கோப்பை கண்ட கால்பந்து வீரர். மகளும் நடை பழகிய நாள்முதல் அந்தப் பந்தையே உதைத்து வளர்ந்தாள்; சிறுவர்களின் அணியில் சேர்ந்து ஆடினாள். பதின்மூன்று வயதானதும் கதவு அடைபட்டது. அதற்குமேல் ஆண் பிள்ளைகளோடு ஆட அனுமதி இல்லை. அவள் முன்னேறிச் செல்லப் பெண்களுக்கென்று ஒரு பாதையும் இல்லை. வேறு வழியின்றிக் கூடைப்பந்தைக் கையில் எடுத்தாள்.

இந்தப் பதின்மூன்று என்னும் எண்ணைக் கேட்டபோது எனக்குப் பழைய வருகைப் பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. எட்டாம் வகுப்புவரை ஆண் பிள்ளைகளை விரட்டித் தொடும் சிறுமி, ஒன்பதாம் வகுப்பில் மைதானத்தின் ஓரத்திலே புத்தகத்தோடு அமர்ந்துவிடுவாள். அவளுடைய கால்களில் வலுக் குறைந்துவிடவில்லை. 'தாவணி போட்ட பிள்ளை ஓடலாமா' என்று வீட்டில் ஒருவர் கேட்டிருப்பார். 'அந்த நேரத்தில் நாலு கட்டுத் தீப்பெட்டி ஒட்டினால் ஆகாதா' என்று மற்றொருவர் கேட்டிருப்பார். இரண்டாவது கேள்விக்காவது வறுமை என்னும் காரணம் இருந்தது. முதற்கேள்விக்கு என்ன காரணம் சொல்வது என்று எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. அடிலெய்டுச் சிறுமிக்கு ஓர் ஆட்டம் மூடியபோது மற்றோர் ஆட்டம் திறந்திருந்தது. நம் சிறுமியருட் பலருக்கு அந்த மற்றொன்று இருக்கவில்லை.

கூடைப்பந்தில் பிலிப்ஸ் அடைந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். 2006இல் உலகப் போட்டியில் தங்கம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி. அமெரிக்கத் தொழில்முறை மகளிர் கூட்டமைப்பில் 2012இல் இண்டியானா அணியோடும் 2014இல் ஃபீனிக்ஸ் அணியோடும் வாகை சூடினார். (2011இல் அதே கூட்டமைப்பின் மூன்று அணிகள் நம் கீதுவையும் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்தன, இடம் கிடைக்கவில்லை என்றாலும் அந்த அழைப்பே இந்தியப் பெண்ணுக்குப் புதிது.) 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் பிலிப்ஸ் ஆடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

அடுத்த ஆண்டில், 2017இல், ஆஸ்திரேலியக் கால்பந்தில் பெண்களுக்கென்று தேசியக் கூட்டமைப்பு எட்டு அணிகளோடு முதன்முறையாகத் தொடங்கியது. பிலிப்ஸ் அடிலெய்டு அணியில் சேர்ந்தார். அம்முதல் ஆண்டில் பெரும்பாலான வீராங்கனைகளுக்குக் கிடைத்த ஊதியம் 8,500 ஆஸ்திரேலிய டாலர் அளவுதான். ஆசிரியையாகவும் செவிலியராகவும் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள் பலர். பெரும்பொருளை நாடிச் செல்பவர் செல்லுமிடம் அது அன்று.

ஆட்டத்தின் இயல்பைக் கேளுங்கள். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். இந்தக் கால்பந்துத் திடலோ முட்டை வடிவானது. நீளம் மட்டும் 135 மீட்டருக்குக் குறையாது. பந்தும் முட்டை வடிவமே. கோலுக்கு ஆறு புள்ளி. பக்கத்துக் கம்பத்தின் இடைவெளியில் போனால் ஒரு புள்ளி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் பதினைந்து மீட்டருக்கு ஒரு முறையேனும் அதனைத் தரையில் தட்டியோ தொட்டோ ஆகவேண்டும். உருண்டைப் பந்தைத் தட்டினால் அது கைக்கே திரும்பும். பனங்காயைத் தரையில் போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடும் என்று யாரால் சொல்ல முடியும்? அவ்வளவு கடினம் அது. தவிரவும், கூடைப்பந்தின் உயிர்நாடியான எறிதல் இங்கே குற்றம். ஒரு கையில் பந்தை ஏந்தி, மறுகை முட்டியால் குத்தித்தான் தோழிக்கு அனுப்பவேண்டும். கூடைப்பந்தில் எதிரியின் மேனியில் இடித்தால் நடுவர் ஊதுவார். இங்கே தோளுக்கும் முழங்காலுக்கும் இடையே கட்டிப்பிடித்து வீழ்த்தலாம்.

அப்படியாயின் எதைக் கொண்டுசென்றார்? உயர எழும்பிப் பந்தைப் பற்றும் கையை. நெருக்கடியில் ஒரு தோளை இந்தப் பக்கம் காட்டி மறுபக்கம் நழுவும் காலை. எல்லாவற்றுக்கும் மேலாக, பந்து வந்து சேருமுன்னரே தோழி எங்கே நிற்கிறாள் என்று அறியும் பார்வையை. சிறிய களத்தில் பத்துப் பேர் நெருங்கி ஆடும் ஆட்டத்தில் பதினெட்டு ஆண்டுகள் பழகிய கண்ணுக்குப் பெரிய திடல் விசாலமாகவே தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம். உதைக்கும் திறனோ சிறுமியாக இருந்தபோதே தந்தையின் திடலில் பெற்றது. ஆகவே, முப்பத்தொன்றாம் வயதில் அவர் புதிய ஆட்டம் ஒன்றைத் தேடிப் போனார் என்பதைவிட, பதின்மூன்றில் வெளியேற்றப்பட்ட இடத்துக்குத் திரும்பினார் என்பதே பொருந்தும்.

அந்த முதற்பருவத்தின் இறுதியாட்டத்தில் அடிலெய்டு அணி பிரிஸ்பேன் அணியை ஆறே புள்ளியில் வென்றது. கூட்டமைப்பின் 'சிறந்த, நேர்மையான' ஆட்டத்துக்கான விருதும் பிலிப்ஸுக்கே கிடைத்தது. இவ்விருதுக்கு வாக்களிப்பவர்கள் நடுவர்கள் என்பதை மாணவர்கள் கவனிக்க. 2019இல் மீண்டும் அதே விருது, மீண்டும் அதே கோப்பை. அவ்வாண்டு இறுதியாட்டத்தை அடிலெய்டுத் திடலில் 53,034 பேர் கண்டனர். ஆட்டத்தின் நடுவே அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. தூக்குப் படுக்கையில் அவரை வெளியே கொண்டுசென்றபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அறுவை சிகிச்சைக்குப்பின் திரும்பி வந்து 2022இல் மூன்றாவது கோப்பையையும் பெற்றார். அதே ஆண்டில் போர்ட் அடிலெய்டு கழகம் முதன்முதலாக இக்கூட்டமைப்பில் பெண்கள் அணியை இறக்கியது. தந்தை ஆடிய அந்தக் கழகத்தின் பெண்கள் அணிக்கு முதல் தலைவியாகப் பொறுப்பேற்று, 2023ஆம் ஆண்டுப் பருவம் வரை ஆடி, முப்பத்தெட்டாம் வயதில் எரின் பிலிப்ஸ் ஓய்வு பெற்றார்.